கள்ளநோட்டு 'கவுன்டர்ஃபிட்'... கள்ளக் கையெழுத்து 'ஃபோர்ஜரி'... இரண்டும் ஒன்றுதானே? இல்லை!

வங்கி கவுன்டரில் ஒருவர் பணம் கட்டுகிறார். 500 ரூபாய் கட்டில் இருந்து ஒரே ஒரு தாளை மட்டும் கேஷியர் தனியாக எடுக்கிறார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார். சாய்த்துப் பார்க்கிறார். பிறகு அதன் மேல் சதுரமாக ஒரு முத்திரை குத்துகிறார். அதில் இருக்கும் முக்கியமான ஆங்கில வார்த்தை: 'கவுன்டர்ஃபிட்'.

அதே நாள், அதே ஊர் காவல் நிலையம். தாத்தா காலத்தில் இருந்து அனுபவித்து வரும் நிலத்தை யாரோ விற்றுவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் வில்லங்கச் சான்றிதழோடு வந்து நிற்கிறது. அவர்கள் புகாரில் இருக்கும் வார்த்தை 'ஃபோர்ஜரி'.

செய்தி சேனலின் கீழே ஓடும் வரிகளில் இரண்டுமே 'போலி'தான். போலி நோட்டு, போலி பத்திரம். படிப்பவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சட்டத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பிரிவுகள், வேறு வேறு தண்டனை. எந்த வார்த்தை பொருந்துகிறது என்பதை வைத்தே வழக்கு நிற்பதும் உண்டு, கோர்ட்டில் விழுந்து போவதும் உண்டு. நிலத்தைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அது வெறும் டிக்‌ஷனரி விஷயம் கிடையாது.

சிம்பிளா சொன்னால் என்ன வித்தியாசம்?

'கவுன்டர்ஃபிட்' என்றால் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து, அதே மாதிரி இன்னொன்று செய்து, அசல் என்று நம்ப வைப்பது. ரூபாய் நோட்டு, நாணயம், முத்திரைத்தாள், பிராண்டட் ஷூ, வாட்ச் எல்லாம் இதில் வரும். இங்கே ஏமாற்றுவது 'தோற்றம்'.

'ஃபோர்ஜரி' என்றால் ஒரு ஆவணம் தன்னைப் பற்றியே பொய் சொல்வது. யார் எழுதியது, யார் கையெழுத்துப் போட்டது, எந்தத் தேதியில் போட்டது, பிறகு யாராவது திருத்தினார்களா என்பதில் பொய். அதற்கு அசல் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. எழுதப்படாத உயிலைக் கூட ஃபோர்ஜரி செய்யலாம். ஆனால் அச்சடிக்கப்படாத 750 ரூபாய் நோட்டை யாரும் கவுன்டர்ஃபிட் செய்ய முடியாது, பார்த்து அடிக்க அசல் இல்லையே!

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் விமான நிலைய இமிகிரேஷன் கவுன்டர். சர்வதேச போலீஸ் அமைப்பான இன்டர்போல், பொய்யான பயண ஆவணங்களை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் தாளில் இருந்து கடைசி தாள் வரை மொத்தமாகப் போலியாக அச்சடித்த பாஸ்போர்ட் என்றால் அது 'கவுன்டர்ஃபிட்'. அரசே கொடுத்த உண்மையான பாஸ்போர்ட்டில் போட்டோவை மாற்றினாலோ, தேதியைத் திருத்தினாலோ அது 'ஃபோர்ஜரி'. மூன்றாவது வகை, எந்த நாடும் அங்கீகரிக்காத ஒன்றை பாஸ்போர்ட் மாதிரி அச்சடித்துக் கொடுப்பது. அதை 'சூடோ' ஆவணம் என்கிறார்கள்.

இதில் இரண்டாவது வகைக்கு இலங்கைத் தமிழர்கள் மத்தியில் ஒரு பெயரே உண்டு: 'தலை மாத்தின பாஸ்போர்ட்'. யாரோ ஒருவருடைய நிஜ பாஸ்போர்ட், அதில் வேறொருவருடைய முகம். போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பியவர்கள் கதைகளில் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கலாம். ஃபோர்ஜரி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

வார்த்தை எங்கிருந்து வந்தது?

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து 'கவுன்டர்ஃபீட்' என்று நீட்டிச் சொல்பவர்கள் அதிகம். சரியான உச்சரிப்பு 'ஃபிட்' என்று குறிலாகத்தான் முடியும்.

இது லத்தீனில் தொடங்கி பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'எதிரே வைத்துச் செய்தது' என்று பிரித்துப் பார்க்கலாம். அதாவது ஒன்றுக்கு எதிராக இன்னொன்று.

'ஃபோர்ஜ்' கதை வேறு. அது கொல்லன் பட்டறை. இரும்பைக் காய்ச்சி அடித்து உருவம் கொடுக்கும் இடம். புனேவில் இருக்கும் 'பாரத் ஃபோர்ஜ்' நிறுவனத்தின் பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது வாகன உதிரிபாகங்களுக்கு இரும்பு அடிக்கும் கம்பெனி. பட்டறையில் இரும்பை 'உருவாக்குவது' என்ற நல்ல அர்த்தத்தில் இருந்துதான், இல்லாத ஆவணத்தை 'உருவாக்குவது' என்ற கெட்ட அர்த்தம் கிளைத்தது.

தமிழிலும் கிட்டத்தட்ட இதே பயணம் நடந்திருப்பதுதான் சுவாரஸ்யம். 'புனைதல்' என்றால் செய்தல், அழகுபடுத்துதல். மாலை புனையலாம், கவிதை புனையலாம். அதே சொல்லை வைத்துதான் சட்டத் தமிழில் 'பொய்யாவணம் புனைதல்' என்று எழுதுகிறார்கள். ஃபோர்ஜரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. என்ன, பிரேக்கிங் நியூஸில் வைத்தால் யாருக்கும் புரியாது.

'போலி' என்ற சொல் 'போல' என்பதில் இருந்து வருவது. ஒன்றைப் போல இருப்பது போலி. ஆக, நேர் அர்த்தத்தில் பார்த்தால் அது கவுன்டர்ஃபிட்டுக்குத்தான் பொருந்தும். பள்ளிக்கூடத்தில் படித்த முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி ஞாபகம் இருக்கிறதா? பந்தல் என்பது பந்தர் என்று ஆனாலும் அர்த்தம் மாறாது, இலக்கணமும் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரு எழுத்து மாறியும் செல்லுபடியாகும் போலி இலக்கணத்தில் மட்டும்தான், ரூபாய் நோட்டில் அது நடக்காது.

'கள்ள' என்பது களவோடு சேர்ந்த சொல். கள்ளச்சாவி, கள்ள ஓட்டு, கள்ளச்சந்தை, கள்ளநோட்டு, கள்ளக் கையெழுத்து. இது தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, திருட்டுத்தனமா இல்லையா என்பதுதான் கேள்வி. அதனால்தான் கள்ளச்சாராயம் வேறு, போலி மது வேறு. அனுமதி இல்லாமல் காய்ச்சியது கள்ளச்சாராயம். பிரபல பிராண்ட் லேபிளை ஒட்டி பாட்டிலில் அடைத்து விற்றால் அது போலி மது, அதாவது கவுன்டர்ஃபிட்.

சட்டம் என்ன சொல்கிறது?

1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 28-வது பிரிவே 'கவுன்டர்ஃபிட்' என்றால் என்ன என்று விளக்கியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த விளக்கம் 2-வது பிரிவுக்குள் போய்விட்டது. அர்த்தம் மாறவில்லை: ஒரு பொருளை இன்னொரு பொருள் மாதிரி ஆக்கி, அந்த ஒற்றுமையை வைத்து ஏமாற்ற நினைப்பது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மட்டமான கலர் பிரின்ட்டாக இருந்தாலும் ஒருவர் ஏமாறக்கூடிய அளவுக்கு ஒற்றுமை இருந்தால் போதும். ஏமாற்றும் எண்ணத்தில்தான் செய்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது செய்தவர் பொறுப்பு.

கள்ளநோட்டு அடித்தால் புதிய சட்டத்தின் 178-வது பிரிவு. ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை. கள்ளநோட்டு என்று தெரிந்தே மாற்றினால் 179, அதற்கும் அதே அளவு தண்டனை. மாற்றும் எண்ணத்தோடு கையில் வைத்திருந்தால் 180, ஏழு ஆண்டு வரை. அச்சடிக்கும் இயந்திரம், பொருட்கள் வைத்திருந்தால் 181.

நாட்டின் பொருளாதாரத்தைக் குலைக்கும் வகையில் 'உயர் தரத்தில்' அடித்துக் கடத்தினால் விஷயம் இன்னும் பெரிது. அது யுஏபிஏ சட்டத்தின் கீழ் பயங்கரவாதச் செயலாகவே கருதப்படும்.

தெரியாமல் நம் கைக்கு வந்தால்?

இதுதான் பெரும்பாலானவர்களுடைய பயம். மார்க்கெட்டில் யாரோ கொடுத்த நோட்டு பர்ஸில் இருக்கிறது. அது கள்ளநோட்டு என்று நமக்குத் தெரியாது. போலீஸ் பிடித்துவிடுமா?

2001-ல் சத்தீஸ்கரில் இருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 18 வயது மாணவர் ஒருவர் ஒரு கிலோ மாம்பழம் வாங்க 100 ரூபாய் கொடுத்தார். பழம் விற்ற பெண்மணிக்கு நோட்டின் மேல் சந்தேகம் வந்தது. நோட்டு போலிதான். மாணவர் கைதாகி, கீழ் கோர்ட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் தண்டனை பெற்று, கடைசியில் உச்ச நீதிமன்றத்தில்தான் விடுதலை ஆனார். நோட்டு போலி என்பது மட்டும் போதாது, அது போலி என்று அவருக்குத் தெரிந்திருந்தது அல்லது சந்தேகப்படக் காரணம் இருந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்றது கோர்ட். ஒரு கிலோ மாம்பழத்துக்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது!

புதிய சட்டம் 180-வது பிரிவில் இதற்கென்றே ஒரு விளக்கத்தைச் சேர்த்திருக்கிறது. சட்டப்பூர்வமான வழியில்தான் அந்த நோட்டு தன்னிடம் வந்தது என்று ஒருவர் காட்டிவிட்டால், வைத்திருந்தது குற்றமாகாது.

வங்கியில் நடப்பது இதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி கள்ளநோட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கிழித்துப் போடவும் முடியாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்ய வேண்டும், கொண்டு வந்தவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். அந்த நோட்டுக்கு ஒரு ரூபாய் கூட மதிப்பு கிடைக்காது. ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை என்றால் வங்கி மாதக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்து போலீஸுக்குத் தகவல் கொடுக்கும். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார், எஃப்ஐஆர்.

'சரி, கொடுங்க, நான் வேற எங்கயாவது மாத்திக்கிறேன்' என்று கேட்பவர்கள் உண்டு. கேஷியர் பரிதாபப்பட்டு கொடுத்துவிட்டால் அவர் மாட்டிக்கொள்வார். வாங்கிக்கொண்டு போய் மாற்றினால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நிமிடத்தில் இருந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது இல்லையா?

இன்னொரு குழப்பம், நட்சத்திரக் குறி. நோட்டு வரிசை எண்ணின் நடுவே நட்சத்திரம் இருந்தால் அது கள்ளநோட்டு என்று 2023-ல் வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவியது. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வைக்கப்படும் நோட்டுக்குத்தான் அந்தக் குறி, அது முழுக்கச் செல்லும் என்று அந்த ஜூலையிலேயே ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. 500 ரூபாயில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு இழையை. நோட்டைச் சாய்த்தால் பச்சையில் இருந்து நீலமாக மாற வேண்டும்.

விளையாட்டு நோட்டு கவுன்டர்ஃபிட்டா?

'சில்ட்ரன் பேங்க்' என்று அச்சடித்த நோட்டு, சினிமா ஷூட்டிங்கில் பறக்கவிடும் கட்டு, தலைவர் படம் போட்ட தேர்தல் கூப்பன். இவை ஏமாற்ற அடித்தவை இல்லை. ஆனாலும் நோட்டு மாதிரியே இருந்தால் 182-வது பிரிவு வரும். அதற்குத் தண்டனை என்ன தெரியுமா? 300 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் 100 ரூபாயாக இருந்தது. விலைவாசி ஏறிவிட்டது!

ஷாகித் கபூரும் விஜய் சேதுபதியும் நடித்த 'ஃபர்ஸி' வெப் சீரிஸைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஹீரோ தொடக்கத்தில் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களை நகல் வரைந்து விற்கிறார். வாங்குபவருக்கே அது நகல் என்று தெரியும், அதனால் குற்றம் இல்லை. பிறகு அதே கை 500 ரூபாய் நோட்டை வரையும்போது கதை மாறுகிறது. நகல் எடுப்பது தப்பில்லை, நகலை அசலாக நம்ப வைப்பதுதான் தப்பு.

சொந்தக் கையெழுத்துப் போட்டாலும் ஃபோர்ஜரியா?

ஆமாம். நம்ப முடியவில்லை என்றாலும் சட்டத்திலேயே இது இருக்கிறது.

ஒரு உதாரணம். எஸ்.குமார் என்பவர் பெயருக்கு வந்த காசோலை வேறொரு எஸ்.குமார் கைக்குப் போகிறது. அவர் அதன் பின்பக்கம் தன் சொந்தப் பெயரைத்தான் எழுதுகிறார், தன் சொந்தக் கையெழுத்தைத்தான் போடுகிறார். ஆனால் அந்த முதல் குமார் போட்டது என்று வங்கி நம்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். அது ஃபோர்ஜரி.

தேதியும் அப்படித்தான். ஒருவர் தன் நிலத்தை ஒருவருக்கு விற்றுவிடுகிறார். பிறகு அதே நிலத்தை இன்னொருவருக்கு, முதல் பத்திரத்துக்கு ஆறு மாதம் முந்தைய தேதி போட்டு எழுதிக் கொடுக்கிறார். கையெழுத்து நிஜம், ஆள் நிஜம், நிலம் நிஜம். தேதி மட்டும் பொய். 1860-லேயே இதை உதாரணமாக எழுதி வைத்துவிட்டார்கள் என்றால், அன்றைக்கும் ரியல் எஸ்டேட் இப்படித்தான் இருந்திருக்கிறது போல.

இன்னொரு உதாரணம் ஒரே ஒரு பூஜ்ஜியம். 10,000 ரூபாய்க்கான கடிதத்தில் கடைசியில் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து ஒரு லட்சம் ஆக்குவது.

சாதாரண ஃபோர்ஜரிக்கு 336-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. ஏமாற்றிச் சம்பாதிப்பதற்காக என்றால் ஏழு ஆண்டு வரை. ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அரசு அடையாள ஆவணங்களில் கை வைத்தால் 337, ஏழு ஆண்டு வரை. உயில், மதிப்புள்ள பத்திரங்கள் என்றால் 338, ஆயுள் வரை போகலாம்.

நிலத்தை விற்றவர் மேல் ஃபோர்ஜரி நிற்காமல் போவது ஏன்?

முதலில் பார்த்த காவல் நிலையத்துக்குத் திரும்பலாம். உங்கள் நிலத்தை வேறொருவர் விற்றுவிட்டார். போலி பத்திரம் என்கிறீர்கள். போலீஸ் ஃபோர்ஜரி பிரிவு போடுகிறது. ஆனால் கோர்ட்டில் ஒரு கேள்வி வரும்: அவர் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டாரா, அல்லது தன் பெயரில் போட்டாரா?

2009-ல் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. உரிமையாளர் நான்தான் என்று ஆள்மாறாட்டம் செய்து, அவர் பெயரில் கையெழுத்துப் போட்டு விற்றால் அது பொய் ஆவணம். அவர் கொடுக்காத அதிகாரத்தை அவர் கொடுத்ததாகக் காட்டி விற்றாலும் பொய் ஆவணம். ஆனால் 'இந்த நிலம் என்னுடையது' என்று சொல்லி, தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கையெழுத்தோடு ஒருவர் விற்றால்? அவர் சொல்வது பச்சைப் பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த ஆவணம் 'பொய் ஆவணம்' ஆகாது. யார் எழுதியது என்பதில் அது பொய் சொல்லவில்லை. ஆகவே ஃபோர்ஜரி இல்லை.

அப்படியென்றால் குற்றமே இல்லையா? பணம் கொடுத்து வாங்கியவர் ஏமாற்றப்பட்டிருந்தால் அவர் மோசடிப் புகார் கொடுக்கலாம், புதிய சட்டத்தில் அது 318-வது பிரிவு. நிலத்தின் உண்மையான உரிமையாளருக்கு சிவில் கோர்ட் வழி இருக்கிறது. ஆனால் 'போலி பத்திரம்' என்று மொத்தமாக எழுதிக் கொடுத்த புகார், ஃபோர்ஜரி பிரிவில் மட்டும் ஓடினால், பல ஆண்டுகள் கழித்து விழுந்துவிடும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் சட்டம் பார்ப்பது ஆவணத்துக்குள் இருக்கும் தகவல் உண்மையா என்பதை அல்ல, அந்த ஆவணம் யாருடையது என்பதை.

2018-ல் இன்னொரு வழக்கு, இந்த முறை தமிழ்நாட்டில் இருந்தே போனது. சொத்துக்காரர் போல ஒருவரை நிறுத்தி பவர் பத்திரம் எழுதியதாகக் குற்றச்சாட்டு. அந்த பவரால் பலன் அடைந்தவருக்குக் கீழ் கோர்ட் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காரணம், பொய் ஆவணத்தை 'உருவாக்கியவர்' மேல்தான் ஃபோர்ஜரி நிற்கும். சொத்துக்காரர் போல வந்து கையெழுத்துப் போட்ட அந்த ஆள் யார் என்பதே கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆகவே இப்படிப் புகார் எழுதும்போது 'போலி பத்திரம்' என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட வேண்டாம். கையெழுத்துப் போட்டது யார், எந்தப் பெயரில், பதிவு அலுவலகத்தில் எந்த அடையாள அட்டை காட்டப்பட்டது, கைரேகை யாருடையது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஆள்மாறாட்டம் என்றால் அந்தச் சொல்லையே எழுத வேண்டும். பொய் ஆவணம் என்று தெரிந்தே அதை நிஜம் போலப் பயன்படுத்தியவருக்கு 340-வது பிரிவு தனியாக இருக்கிறது.

இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம்

தெல்கி முத்திரைத்தாள் மோசடி பலருக்கும் ஞாபகம் இருக்கும். அப்துல் கரீம் தெல்கி அச்சடித்தது முத்திரைத்தாளை. அது கவுன்டர்ஃபிட். ஆனால் அந்தத் தாளில் வீடு வாங்கியவர்கள், கம்பெனி ஒப்பந்தம் போட்டவர்கள் எல்லாம் பெரும்பாலும் நிஜமான ஆட்கள், கையெழுத்தும் நிஜம். தாள் போலி, எழுத்து நிஜம். இதற்கு நேர் எதிர், கருவூலத்தில் வாங்கிய அசல் முத்திரைத்தாளில் அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது. தாள் நிஜம், எழுத்து போலி. முதலாவது கவுன்டர்ஃபிட், இரண்டாவது ஃபோர்ஜரி.

சில நேரம் ஒன்றுக்கு ஒன்று துணை. சார்பதிவாளர் அலுவலக ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியே ஒன்று செய்வது கவுன்டர்ஃபிட். அதை வைத்துப் பத்திரம் தயாரிப்பது ஃபோர்ஜரி. ஃபோர்ஜரி செய்வதற்காக போலி முத்திரை வைத்திருந்தாலே 341-வது பிரிவு பாயும்.

இவ்வளவு பிரித்து எழுதிய சட்டமே, கள்ளநோட்டை மாற்றுவது பற்றிய 179-வது பிரிவில் 'ஃபோர்ஜ்டு ஆர் கவுன்டர்ஃபிட்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போதாக்குறைக்கு அரசு அறிக்கைகளில் கள்ளநோட்டுக்கு 'ஃபேக் இந்தியன் கரன்சி நோட்' என்று மூன்றாவதாக ஒரு பெயர். 'ஃபேக்' என்பது எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல், நம்ம 'போலி' மாதிரி. யுஜிசி அவ்வப்போது வெளியிடும் 'ஃபேக் யுனிவர்சிட்டி' பட்டியலும் அப்படித்தான். அங்கே பட்டம் கொடுக்கும் கையெழுத்தும் தாளும் அவர்களுடையதுதான், பட்டம் கொடுக்கும் அதிகாரம்தான் இல்லை. இன்டர்போல் பாஷையில் சொன்னால் 'சூடோ'.

ஓவியரின் வழக்கு

நெதர்லாந்தின் ஹான் வான் மேகெரன் கதையைச் சொல்லாமல் ஃபோர்ஜரி பற்றிப் பேச முடியாது. 17-ம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீர் வரைந்தது என்று சொல்லி இவர் விற்ற ஓவியங்கள் எதுவும் வெர்மீர் வரைந்தவற்றின் நகல் இல்லை. எல்லாம் புதிது. வெர்மீர் பாணி, வெர்மீர் கையெழுத்து, கற்பனை இவருடையது. அதில் ஒன்று நாஜி தலைவர் கோரிங் கைக்கே போனது. போர் முடிந்ததும் 1945-ல் 'தேசத்தின் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்றவர்' என்று கைது செய்யப்பட்டார். தப்பிக்க அவருக்கு இருந்த ஒரே வழி, 'அது பொக்கிஷம் இல்லை, நான் வரைந்த போலி' என்று ஒப்புக்கொள்வது. யாரும் நம்பவில்லை. காவலில் இருந்தபடியே இன்னொரு 'வெர்மீர்' வரைந்து காட்ட வேண்டியதாகிவிட்டது. 1947-ல் ஓராண்டு சிறை விதிக்கப்பட்டு, அதை அனுபவிக்கும் முன்பே இறந்துபோனார்.

அசலே இல்லாத ஒன்றை உருவாக்கி, அடுத்தவர் பெயரைப் போடுவது. ஆங்கிலத்தில் இவரை ஃபோர்ஜர் என்றுதான் எழுதுவார்கள்.

மருந்தில் 'கவுன்டர்ஃபிட்' என்ற சொல்லை உலகமே கைவிட்டது ஏன்?

வார்த்தை ஒன்று வணிகத்தையே நிறுத்திய கதை இது. 2008, 2009-ல் இந்தியாவில் இருந்து பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போன ஜெனரிக் மருந்துகளை, வழியில் நெதர்லாந்தில் சுங்கத்துறை பிடித்து வைத்தது. அதில் ரத்த அழுத்தத்துக்கான லோசார்டனும் உண்டு. மருந்தில் கலப்படம் இல்லை, தரக்குறைவு இல்லை. அனுப்பும் நாட்டிலும் வாங்கும் நாட்டிலும் சட்டப்படி சரியானது. நடுவில் இருந்த நாட்டில் காப்புரிமை பிரச்னை, அவ்வளவுதான். 2010-ல் இந்தியாவும் பிரேசிலும் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தன.

அந்த நேரத்தில் போலி மருந்துகளைக் குறிக்க உலக அளவில் புழங்கிய சொல் 'கவுன்டர்ஃபிட்'. வர்த்தகச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு டிரேட்மார்க்கைத் திருடுவது என்று அர்த்தம். உயிரைக் காக்கும் விலை குறைந்த ஜெனரிக்கும், சுண்ணாம்புப் பொடியை அடைத்த மாத்திரையும் ஒரே வார்த்தைக்குள் வந்துவிடும் என்று இந்தியா போன்ற நாடுகள் எதிர்த்தன. உலக சுகாதார நிறுவனம் கொஞ்ச காலம் ஐந்து வார்த்தைகளை ஒன்றாகக் கோத்து ஒரு நீளமான பெயரை வைத்துச் சமாளித்தது. 2017 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் அதைச் சுருக்கி, 'தரம் குறைந்தவை', 'பொய்யாக்கப்பட்டவை' என்று இரண்டு வகை மட்டும் போதும் என்று முடிவானது. கவுன்டர்ஃபிட் வெளியே போனது.

இந்திய மருந்துச் சட்டத்தில் போலி மருந்துக்கு 'ஸ்பூரியஸ்' என்று தனிச்சொல். வேறு கம்பெனி தயாரித்தது போலக் காட்டினால், இல்லாத கம்பெனியின் பெயரை லேபிளில் போட்டால், மருந்துக்குப் பதில் வேறு பொருளை வைத்தால் எல்லாமே அதற்குள் வரும்.

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 பிராண்ட் மருந்துகளின் அட்டையில் க்யூஆர் கோடு கட்டாயம். டோலோ, கால்பால், தைரோநார்ம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மொபைலில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி வர வேண்டும். அதில் வரும் பேட்ச் எண்ணும் கையில் இருக்கும் அட்டையில் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இல்லை என்றால், மாத்திரையை உடைக்காமல் பில்லோடு கடைக்காரரிடம் காட்டி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம்.